கண்ணாடி

சாக்கை அவிழ்க்காதீர்கள் என்றேன். அவிழ்த்துவிட்டார்கள்.
அறுப்பரிவாளால் மூன்று துண்டான கண்ணாடி விரியன்,
வால் துண்டில் இன்னும் வைக்கோல் ஒட்டியிருக்கிறது.
கோ ஸா லின் டிராக்டர்ப் பெட்டியில் மல்லாந்து கிடக்கிறான்.
கணுக்காலுக்கு மேல் மனைவியின் தமேனைக் கிழித்த கட்டு.

தொங்வாவில் டாக்டர் இல்லாத ராத்திரி.
குளிர்பெட்டியில் முறிமருந்து எட்டுக் குப்பி.
ரத்தம் சொல்லும்வரை திறக்காதே என்று
கதவில் என் கையெழுத்திலேயே ஒட்டியிருக்கிறது.

பாம்பே வந்திருக்கிறதே சயாமா, போதாதா?
மா நியோ கேட்கிறாள்.
போதாது. பல் பட்டும் விஷம் இறங்காத கால்கள் உண்டு.

ஓவல்டின் டப்பாவில் கண்ணாடிக் குழாய்கள்.
யாங்கோனிலிருந்து வருவதெல்லாம் பிளாஸ்டிக்;
பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமும் உறைய மறந்து நிற்கும்.
சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியிலும் அப்படித்தான்.
இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

போன அறுப்பில்
கழுவிய குழாயில் ஒருவன் ரத்தத்தைப் பிடித்தேன்.
தண்ணீராய் ஓடியது. இருந்த குப்பியெல்லாம் ஏற்றினேன்.
விடிந்ததும் எழுந்து உட்கார்ந்து வெற்றிலை கேட்டான்.
வெறுங்கடி.
மறுநாள் மாலை அக்கரையிலிருந்து ஒரு பையனைத் தூக்கிவந்தார்கள்.
குளிர்பெட்டியில் எங்கள் தண்ணீர்ப் பாட்டில் மட்டும் இருந்தது.

ஒரே குத்து. இன்னொன்றுக்கு இடமில்லை,
குத்திய இடமெல்லாம் ஊற்றுக்கண்ணாகிவிடும்.
முழங்கை மடிப்பில் நரம்பு விரலுக்குத் தட்டுகிறது.
இரண்டு மில்லி. ஊசியைக் கழற்றிவிட்டுக்
குழாயின் உட்சுவரோரமாக மெல்ல வழியவிடுகிறேன்.
பஞ்சை அழுத்திப் பிடி, எடுக்காதே என்கிறேன் அவன் தம்பியிடம்.

அடுத்தது நான்.
ரப்பரின் ஒரு நுனி பல்லில், மறு நுனி கையில்.
இரண்டு மில்லி, அதே டப்பாவின் இன்னொரு குழாய்.
உங்களையும் கடித்ததா? மா நியோ பதறுகிறாள்.
இல்லை. குழாய் பொய் சொன்னால் காட்டிக்கொடுக்க
ஒரு சாட்சி வேண்டும்.

மேசையைத் தொடாதீர்கள்.
உறை ஊற்றிய பாலை ஆட்டி ஆட்டிப் பார்த்தால்
தயிராகாது, இதுவும் அந்த ஜாதி.
இருபது நிமிடம்.
கரண்ட் போகிறது. போன் வெளிச்சத்தில்
அவனும் நானும் ஒரே கறுப்பு.

பயத்தில் ரத்தம் உறைந்தது என்று எங்கள் மொழியில் சொல்வோம்.
பர்மியச் சொல்லைத் தேடுகிறேன்,
உறையாவிட்டால்தான் பயம் என்று இவளுக்குச் சொல்ல.
கிடைக்கவில்லை. டீ குடி என்கிறேன்.

பதினேழாம் நிமிடம் தம்பி பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டான்.
முழங்கையிலிருந்து பாய்க்கு ஒரு கோடு.
கோ ஸா லின் துப்புகிறான், ஈறெல்லாம் சிவப்பு,
வெற்றிலை போடாத வாயில்.
எனக்குத் தெரிந்துவிட்டது.
தெரிந்ததை நம்பித்தான் போன வருஷம் கெட்டேன்.
மூன்று நிமிடம்.

முதலில் என் குழாய். சாய்க்கிறேன்.
அசையாமல் அப்படியே நிற்கிறது, கவிழ்த்தும் விழவில்லை.
அவனுடையது
நான் சாய்ப்பதற்குக் காத்திருந்தது போல
விளிம்புவரை ஓடிவந்து என் பெருவிரலில் சொட்டியது.

குளிர்பெட்டிக் கதவைத் திறந்தபோது
ஒட்டிய தாள் கழன்று காலடியில் விழுந்தது. மிதித்துக்கொண்டு நடந்தேன்.

ஆறு மணி நேரம் கழித்து மறுபடி இரண்டு மில்லி.
மறுபடி இருபது நிமிடம், இம்முறை சன்னல் வெளிச்சத்தில்.
வெளியே நெல் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்;
அவன் பங்கு நெல்லும் அதில் இருக்கும்.
சாய்த்தேன்.
ஓரத்தில் கொஞ்சம் கசிந்தது. மற்றது நின்றது.
மா நியோ குழாயை வாங்கித் தானும் ஒருமுறை சாய்த்தாள்.
தடுக்கவில்லை. இனி ஆடட்டும்.

மூத்திரப்பையில் இன்னும் ஒரு சொட்டு இறங்கவில்லை.
அது வேறு கணக்கு, வேறு காத்திருப்பு.
என் முழங்கைப் பஞ்சு காய்ந்து தோலோடு ஒட்டிவிட்டது.
பிய்த்தேன்.
ஒரு பொட்டு எட்டிப் பார்த்து
அங்கேயே நின்றது.